நீலகிரிக் குளிரில் குள்ளச் சிக்லிட் மீன்கள்: வளர்ப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் முழுமையான வழிகாட்டி

ஊட்டிக் குளிரில் வெப்பமண்டல மீன் வளர்ப்பது வீண் செலவு என்ற எண்ணம் மலையில் பரவலாக உண்டு. கீழேயிருந்து வாங்கி வந்த கப்பியும் மோலியும் முதல் பனிக்காலத்திலேயே செத்து மிதப்பதைக் கண்டவர்கள் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் குள்ளச் சிக்லிட் எனப்படும் சிறு மீன்களைப் பொறுத்தவரை சமவெளியைவிட மலையே வசதியான இடம். நீலகிரியின் பாறைகளில் சுண்ணாம்பு குறைவு என்பதால் இங்குள்ள நீர் மென்னீர். இந்த மீன்களில் பெரும்பாலானவை மென்னீரில் பிறந்தவை. அதைவிட முக்கியமான இன்னொரு காரணமும் உண்டு. மே மாதத்தில் சென்னைக் கொளத்தூரில் தொட்டி நீர் 31 டிகிரிக்கு ஏறினால் அதைக் குறைப்பது பெரும்பாடு; மலையிலோ அறை எப்போதும் மீனுக்குத் தேவையானதைவிடக் குளிர்ந்தே இருப்பதால், ஹீட்டரின் திருகைத் திருப்பி வேண்டிய வெப்பத்தை வேண்டிய நாள்வரை நிறுத்திவைக்க முடியும். இந்த மீன்களில் ஒரு குஞ்சு ஆணாவதா பெண்ணாவதா என்பதையே நீரின் வெப்பநிலை பெருமளவு தீர்மானிக்கிறது என்பதை அறிந்தால், இந்த வசதியின் அருமை விளங்கும்.

எந்த மீன், எந்த உயரத்திற்கு

சிக்லிட் குடும்பம் நமக்குப் புதிதல்ல. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று ஏரி குளமெல்லாம் நிறைந்திருக்கும் ஜிலேபி மீன் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதன் தென் அமெரிக்க, ஆப்பிரிக்க உறவினர்களில் பத்து சென்டிமீட்டருக்குள் வளர்ச்சி நின்றுவிடும் இனங்களையே குள்ளச் சிக்லிட் என்கிறோம். உருவம் சிறிதானாலும் எல்லை காப்பதிலும் குஞ்சு காப்பதிலும் பெரிய சிக்லிட்டுகளுக்கு இவை சற்றும் குறைந்தவை அல்ல.

முதன்முதலாகத் தொடங்குபவருக்கு அபிஸ்டோகிரம்மா ககட்டுவாய்டஸ் ஏற்றது. பெரு நாட்டு அமேசான் பகுதியைச் சேர்ந்த இந்த மீனின் ஆண் எட்டு சென்டிமீட்டர் வரையும் பெண் ஐந்து சென்டிமீட்டர் வரையும் வளரும். ஆணின் முதுகுத் துடுப்பின் முன்கதிர்கள் கொண்டைபோல் நீண்டிருக்கும். சற்றுக் கடினமான நீரையும் இது பொறுத்துக்கொள்ளும். 24 முதல் 27 டிகிரி வரை வைத்தால் போதும்.

ஊட்டியில் இருப்பவருக்கு நான் முதலில் சொல்வது அபிஸ்டோகிரம்மா போரெல்லி. பராகுவே ஆற்றுப் படுகையில் வாழும் இந்த மீனின் தாயகத்தில் தெற்கிலிருந்து குளிர்காற்று வீசும் நாள்களில் நீர் வெகுவாகக் குளிர்ந்துவிடும். ஆகவே 22, 23 டிகிரியிலேயே இது உடல்நலத்துடன் வாழும், ஓரிரவு 18-க்கு இறங்கினாலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பொலிவியன் ராம் என்ற மீனும் 23 முதல் 26 டிகிரிக்குள் நன்றாக இருக்கும். நைஜீரியா, கேமரூன் நாடுகளின் ஓடைகளிலிருந்து வந்த கிரிபென்சிஸ் முரட்டு உடல்வாகு கொண்டது. எளிதில் இனம் பெருக்கும், ஆனால் குஞ்சு காக்கும் காலத்தில் இரண்டடித் தொட்டியில் வேறு மீனை விட்டுவைக்காது.

கடைகளில் கண்ணைப் பறிக்கும் புளூ ராம் மீனை ஊட்டி, கோத்தகிரி நண்பர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. வெனிசுவேலா, கொலம்பியா சமவெளிகளின் வெதுவெதுப்பான நீரில் வாழும் இந்த மீன் 27 முதல் 30 டிகிரி வரை கேட்கும்; ஒருநாள் மின்தடையே இதற்குப் போதும். ஏறத்தாழ 1,070 மீட்டர் உயரத்தில் உள்ள கூடலூரில் இதை வைத்துக்கொள்ளலாம். 2,240 மீட்டரில் உள்ள ஊட்டியில் இது மின்கட்டணத்தையும் மன உளைச்சலையும் மட்டுமே கூட்டும். உடலைப் பந்துபோல் குறுக்கி வளர்த்த பலூன் ராம் எந்த உயரத்துக்கும் வேண்டாம். அது அந்த உயிருக்குச் செய்யும் கொடுமை.

தொட்டியும் வெப்பமும்

ஒரு ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் கொண்ட தொட்டி போதும். அதில் 54 லிட்டர் நீர் பிடிக்கும். அபிஸ்டோகிரம்மா ஆண் பல பெண்களுடன் கூடும் இயல்புடையது என்பதால் ஓர் ஆணையும் இரண்டு மூன்று பெண்களையும் வைக்க விரும்பினால் மூன்றடித் தொட்டியை வாங்குங்கள். இவை தரையை ஒட்டி வாழும் மீன்கள். ஆகவே உயரமான தொட்டியைவிடத் தரைப்பரப்பு மிகுந்த தொட்டியே பயன்படும்.

தொட்டியை வெளிச்சுவரை ஒட்டியும் சன்னலருகிலும் வைக்க வேண்டாம். உறைபனிக் காலத்தில் அந்த இடங்கள்தாம் வீட்டிலேயே மிகவும் குளிர்ந்தவை. அடியிலும் பின்புறத்திலும் இரு பக்கங்களிலும் ஒரு அங்குலத் தெர்மாகோல் பலகையை ஒட்டி, முன்பக்கத்தை மட்டும் பார்ப்பதற்குத் திறந்துவிடுங்கள். மேலே கண்ணாடி மூடி கட்டாயம் வேண்டும். வெப்பம் மிகுதியாக இழக்கப்படுவது நீர் ஆவியாகும் மேற்பரப்பின் வழியாகத்தான். மூடியில்லாத தொட்டி அறைச் சுவரையும் ஈரமாக்கிப் பூஞ்சை பிடிக்க வைத்துவிடும்.

ஹீட்டர் வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் 'லிட்டருக்கு ஒரு வாட்' என்ற கணக்கு சமவெளிக்கானது. அங்கே நான்கைந்து டிகிரி உயர்த்தினால் போதும். சனவரி இரவில் வீட்டுக்குள்ளேயே 12 டிகிரிக்கு இறங்கும் ஊட்டியில் பதினான்கு டிகிரி உயர்த்த வேண்டும். ஆகவே லிட்டருக்கு இரண்டரை வாட் என்று கொள்ளுங்கள். 54 லிட்டர் தொட்டிக்கு 150 வாட் ஹீட்டர் ஒன்றை வாங்குவதைவிட 75 வாட் ஹீட்டர் இரண்டை வாங்கி இரு முனைகளில் பொருத்துவது நல்லது. ஒன்று பழுதாகி அணைந்தாலும் மற்றது மீனைக் காப்பாற்றும். ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் நீர் கொதிநிலைக்குப் போகாது. ஹீட்டரில் அச்சிட்ட எண்ணை நம்பாமல், மறுமுனையில் தனியே ஒரு வெப்பமானியை வையுங்கள். தெர்மாகோலும் மூடியும் உள்ள தொட்டியில் ஹீட்டர் சராசரியாக 50 வாட் இழுத்தால் நாளுக்கு 1.2 யூனிட், இரு மாதக் கணக்கில் 72 யூனிட் ஆகும். மின்கம்பி தொட்டியிலிருந்து நேராகப் பிளக்குக்குப் போகாமல் கீழே ஒரு வளைவாகத் தொங்கி மேலேற வேண்டும். நீர் மாற்றுமுன் ஹீட்டரை அணைத்துக் கால் மணி நேரம் ஆறவிட வேண்டும்.

மலையில் பலரும் கவனிக்காத ஒன்று ஆக்சிஜன். 25 டிகிரி நீர் கடல்மட்டத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். காற்றழுத்தம் முக்கால் பங்காகக் குறையும் ஊட்டியில் அதே நீர் 6.3 மில்லிகிராம் வரைதான் வைத்துக்கொள்ளும். ஓடை நீரில் இந்தக் குறையைக் குளிர்ச்சி ஈடுசெய்துவிடுகிறது. நாமோ நீரைச் சூடாக்கி அந்த ஈட்டையும் பறித்துவிடுகிறோம். ஆகவே ஏர் பம்ப் இரவு பகலாக ஓட வேண்டும், மீன்களின் எண்ணிக்கையும் கீழே இருப்பவர்கள் வைப்பதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஏர் பம்பில் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் காற்றூட்டுவது, நீரைச் சுத்திகரிப்பது என்ற இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யும்; குஞ்சுகளையும் உறிஞ்சாது. வேறு ஃபில்டர் தேவையில்லை.

நீர்

ஊட்டிக்குப் பார்சன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்தும் குன்னூருக்கு ரேலியா அணையிலிருந்தும் வரும் குடிநீர் இயல்பாகவே மென்மையானது. குளோரினை மட்டும் நீக்க வேண்டும். மூடியில்லாத டிரம்மில் ஓர் இரவும் பகலும் காற்றுக் குமிழியுடன் வைத்தால் போதும். அவசரமென்றால் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்தைப் பயன்படுத்தலாம்.

ஓடை நீர் தூயது என்று எண்ணித் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடும் நீரை எடுக்காதீர்கள். தேயிலையின் கொப்புள நோய்க்குச் செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லி தெளிக்கிறார்கள். மென்னீரில் செம்பின் நச்சு பன்மடங்கு கடுமையாகும். கேத்தி போன்ற காய்கறிப் பள்ளத்தாக்குகளின் நீரிலும் மருந்து கலந்திருக்க வாய்ப்புண்டு. மழைநீர் சிறந்ததுதான், ஆனால் நம் வீடுகளில் பெரும்பாலான கூரைகள் துத்தநாகம் பூசிய தகரம். மழைநீரில் துத்தநாகம் கரையும், அது மீனுக்கு நஞ்சு. மழைநீர் வேண்டுமானால் முதல் மழையை ஓடவிட்டு, ஓட்டுக் கூரையிலிருந்தோ விரித்துக் கட்டிய தார்ப்பாயிலிருந்தோ பிடியுங்கள்.

மென்னீருக்கு ஒரு குறை உண்டு. அமிலத்தைத் தாங்கும் கார்பனேட் அதில் மிகக் குறைவு. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் அந்தக் கார்பனேட்டைத் தின்றுகொண்டே இருப்பதால், சில வாரங்களில் பி.எச் ஆறுக்குக் கீழே சரிந்துவிடும். அப்போது அந்தப் பாக்டீரியாக்களும் சோர்ந்துபோகும், அம்மோனியா சேரத் தொடங்கும். அமில நீரில் அது அம்மோனியம் என்ற நச்சற்ற வடிவில் கிடப்பதால் மீனுக்கு ஒன்றும் ஆகாது, நமக்கும் ஒன்றும் தெரியாது. ஒருநாள் தொட்டி அழுக்காக இருக்கிறதே என்று பாதி நீரை ஒரேயடியாக மாற்றினால் பி.எச் ஏறும், ஓரலகு ஏறினால் நச்சு அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும். நீர் மாற்றிய மறுநாளே மீன்கள் கொத்தாகச் செத்தன என்று மலையில் கேள்விப்படும் கதைகளில் பலவற்றுக்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகளையும் சேர்த்தே கைக்கொள்ளுங்கள். வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவதை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். ககட்டுவாய்டஸ், பொலிவியன் ராம், கிரிபென்சிஸ் வளர்ப்பவர்கள் ஒரு கைப்பிடி பவளத் துண்டையோ சிப்பி ஓட்டையோ சிறு வலைப்பையில் கட்டித் தொட்டிக்குள் வையுங்கள், பி.எச் 6.5-க்கும் 7.2-க்கும் இடையே நின்றுவிடும். அமில நீரை விரும்பும் அகாசிசி என்ற அபிஸ்டோகிரம்மா இனத்துக்கு மட்டும் பவளம் வேண்டாம். அதற்கு நீர் மாற்றத்தைச் சிறு அளவில் அடிக்கடி செய்வதுதான் வழி. பி.எச் அளக்கும் சொட்டு மருந்தும், நீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் ஒரு டி.டி.எஸ் மீட்டரும் வீட்டில் இருக்கட்டும்.

மாற்றும் நீரின் குளிரையும் கணக்கில் கொள்ள வேண்டும். 26 டிகிரியில் உள்ள 54 லிட்டர் தொட்டியில் 11 லிட்டரை எடுத்துவிட்டு 14 டிகிரிக் குழாய் நீரை ஊற்றினால் தொட்டி 23.6 டிகிரிக்கு இறங்கும். வளர்ந்த மீனுக்கு இது மழை வந்ததற்கான அறிகுறி, குஞ்சுக்கோ அதிர்ச்சி. ஊட்டியில் நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதைக் கொண்டு கணக்கிட்டால், எட்டரை லிட்டர் குழாய் நீரில் ஒன்றரை லிட்டர் கொதிநீர் கலந்தால் பத்து லிட்டருக்கு ஏறத்தாழ 26 டிகிரி நீர் கிடைக்கும். கீசர் நீரை ஊற்ற வேண்டாம். அதன் உள்ளே செம்பு இருக்கக்கூடும். எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்சிய நீரே நல்லது.

மணல், இலை, குகை

இந்த மீன்கள் மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே சலித்து உண்பவை. கூர்மையான கூழாங்கல் அவற்றின் செவுளைக் கிழிக்கும். ஆகவே நுண்மணலை வாங்கி, கழுவும் நீர் தெளியும்வரை கழுவி, இரண்டு விரற்கிடை உயரத்துக்குப் பரப்புங்கள். வாங்கிய மணலில் சில துளி வினிகரை விட்டு நுரைக்கிறதா என்று பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது.

மணல்மேல் காய்ந்த நாட்டு வாதுமை இலைகளைப் பரப்புவது வழக்கம். அந்த மரம் ஊட்டிக் குளிரில் வளராது. மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ தெருவோரத்தில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கி வந்து கழுவிக் காயவைத்துக்கொள்ளலாம். கையெட்டும் தூரத்தில் கிடைக்கிறது என்பதற்காகக் கற்பூர மர இலை, சீகைப் பட்டை, பைன் ஊசி, சைப்ரஸ் கிளை ஆகியவற்றைத் தொட்டிக்குள் போட்டுவிட வேண்டாம்; அவற்றின் எண்ணெயும் பிசினும் மீனுக்கு ஆகாது.

குகைக்குக் கொட்டாங்குச்சியை மிஞ்சியது இல்லை. அரைமூடியின் விளிம்பில் மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு வாயில் வெட்டி, நாரைச் சுரண்டி, நீர் நிறம் மாறாத வரை பலமுறை கொதிக்கவைத்துக் கவிழ்த்து வையுங்கள். பெண் எளிதில் நுழையவும் ஆண் சிரமப்பட்டு நுழையவுமான அளவே சரி. ஒவ்வொரு பெண்ணுக்கும் குறைந்தது இரண்டு குகைகள் இருக்க வேண்டும்; ஒன்றிலிருந்து மற்றது தெரியாதபடி இடையே வேரோ கல்லோ நிற்க வேண்டும். சிறு பூந்தொட்டியும் உதவும். ராம் வகைகள் குகையில் முட்டையிடுவதில்லை. அவற்றுக்குத் தட்டையான கல் ஒன்று போதும். செடிகளில் ஜாவா பெரணி, அனுபியாஸ், ஜாவா பாசி ஆகியவை குறைந்த ஒளியில் வளரும்.

பாக்டீரியா நிலைபெறும் வரை

எல்லாம் அமைத்த பிறகு மீன் இல்லாமலே தொட்டியை நான்கு முதல் ஆறு வாரம் ஓட்ட வேண்டும். இக்காலத்தில் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக ஹீட்டரை அணைத்துவைப்பவர்கள் உண்டு. 14 டிகிரியில் பாக்டீரியா வளர்ச்சி வெகுவாகத் தளர்ந்துவிடும் என்பதால் காலம்தான் வீணாகும். 27 டிகிரியில் வைத்து, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு, அம்மோனியாவும், அது நைட்ரேட்டாக மாறும் வழியில் உருவாகும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வரும்வரை பொறுத்திருங்கள். நோயற்ற பழைய தொட்டி ஒன்றின் ஸ்பாஞ்சை நண்பர் பிழிந்து தந்தால் காலம் பாதியாகக் குறையும்.

மீனை மலைக்குக் கொண்டுவருதல்

வாங்கும்போது அளவுக்கு மீறி நிறம் ஏறிய, ஒரே அளவிலான ஆண் மீன்களை மட்டும் விற்கும் கடையைச் சற்று ஐயத்துடன் பாருங்கள்; ஹார்மோன் தந்து நிறமேற்றிய மீன்கள் வீட்டுக்கு வந்தபின் வெளிறும், இனப்பெருக்கத்துக்கும் பெரும்பாலும் உதவா. இன்னும் முழு நிறம் வராத ஐந்தாறு இளமீன்களை வாங்கி வளர்த்து, அவை தாமே இணையைத் தேர்ந்துகொள்ள விடுவதே நல்ல முறை.

மேட்டுப்பாளையத்தில் காற்றடைத்துக் கட்டிய பை ஊட்டிக்கு வரும்போது உள்ளிருக்கும் காற்று ஏறத்தாழக் கால் பங்கு விரியும். ஆகவே பையை இறுக்கிக் கட்ட வேண்டாமெனக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் மூடியுள்ள வாளியில் நீரோடு மாற்றி, பேட்டரி ஏர் பம்புடன் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து வருவது இன்னும் எளிது. கொண்டைஊசி வளைவுகளில் நீர் தளும்பாதிருக்க வாளியை முக்கால் அளவுக்குமேல் நிரப்ப வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சிறிது சிறிதாகத் தொட்டி நீரைச் சேர்த்துப் பழக்குங்கள். சமவெளியின் கடின நீரிலிருந்து நம் மென்னீருக்கு மாறுவது அவற்றுக்குப் பெரிய மாற்றம். புதிய மீனை மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துக் கவனிப்பது கட்டாயம்.

தீனி

உலர்தீனியை மட்டும் நம்பியிருந்தால் பெண் மீனின் வயிறு முட்டையால் நிரம்பாது. வாரத்தில் சில நாளாவது உயிருள்ள தீனியோ உறைந்த தீனியோ தர வேண்டும். குளிரில் டாஃப்னியா எனும் நீர்ப்பூச்சி நன்றாகப் பெருகுவது மலைக்காரர்களுக்கு வாய்த்த வரம். நிழலில் வைத்த ஒரு டப்பில் பசும்பாசி நீரில் வளர்க்கலாம். உப்புநீரில் வாழும் சிற்றிறாலான ஆர்ட்டீமியாவுக்கு எதிர்மாறான நிலை. லிட்டருக்கு 25 கிராம் கல்லுப்புக் கரைத்து அதன் முட்டைகளைப் போட்டால் 27 டிகிரியில் ஒருநாளில் பொரியும். ஊட்டி அறையில் வைத்தால் பல நாளானாலும் சரியாகப் பொரியாது. பொரிக்கும் பாட்டிலை மீன் தொட்டியிலேயே கழுத்தளவு மூழ்கக் கட்டித் தொங்கவிட்டால் தனி ஹீட்டர் தேவைப்படாது.

இணையும் முட்டையும்

நல்ல தீனியுடன் இரண்டு வாரம் கழிந்ததும், சற்றுக் குளிர்ந்த மென்னீரால் ஐந்தில் ஒரு பங்கை மாற்றி, பிறகு மெல்ல 26 டிகிரிக்கு உயர்த்துங்கள். பெரும்பாலும் சில நாள்களுக்குள் அபிஸ்டோகிரம்மாப் பெண்ணின் உடல் எலுமிச்சை மஞ்சளாகி, கருங்கோடுகளும் கரிய வயிற்றுத் துடுப்பும் தெளிவாகத் தெரியும். ஆணின் முன் உடலை வளைத்து நடுங்கிக்காட்டி அதைக் குகைக்கு அழைக்கும். குகையின் கூரையில் செந்நிறமாக ஐம்பது முதல் நூறு முட்டைகள் வரை ஒட்டும். அனுபவமுள்ள பெரிய பெண் அதற்கு மேலும் இடும்.

முட்டையிட்டதை நேரில் பார்க்க வேண்டுமென்று குகையைத் தூக்கிப் பார்க்காதீர்கள். பெண் வெளியே வராமல் குகைவாயிலிலேயே நின்றால், வந்தாலும் தீனியைக் கவ்விக்கொண்டு உடனே திரும்பினால், முட்டை இருக்கிறது என்று கொள்ளலாம். அபிஸ்டோகிரம்மாவில் காவல் முழுவதும் பெண்ணின் பொறுப்பு. ஆண் வெளியெல்லையை மட்டும் காக்கும். இரண்டடித் தொட்டியில் பெண் ஆணைக் கடித்து மூலையில் ஒடுக்கும். ஆணின் துடுப்பு கிழியத் தொடங்கினால் அதை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். கிரிபென்சிஸிலும் ராம் வகைகளிலும் தாயும் தந்தையும் சேர்ந்தே காப்பதால் பிரிக்க வேண்டாம்.

26 டிகிரியில் இரண்டு மூன்று நாளில் முட்டை பொரியும்; அதன்பின் ஐந்தாறு நாள் குஞ்சுகள் கருவுணவுப் பையுடன் குகைக்குள்ளேயே கிடக்கும். ஏழு முதல் ஒன்பதாம் நாளுக்குள் தாய் அவற்றை வெளியே அழைத்து வருவாள். முதல் ஈற்றில் பல பெண்கள் முட்டையைத் தாமே தின்றுவிடும். நான்காம் முறையும் அப்படியே நடந்தால்தான் வேறு காரணம் தேட வேண்டும். பெரும்பாலும் இரவில் அறை முழு இருட்டாவதோ அருகே ஓயாத நடமாட்டமோ காரணமாக இருக்கும். சிறு இரவு விளக்கு ஒன்று முதல் குறையைத் தீர்க்கும்.

குஞ்சு நீந்தத் தொடங்கிய அன்றே, முட்டையிலிருந்து பொரிந்த ஆர்ட்டீமியாவை நாளுக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாகத் தாருங்கள். ஊறிய வாதுமை இலையின் மேல் படரும் நுண்ணுயிர்களையும் குஞ்சுகள் மேய்ந்துகொண்டே இருக்கும். இலையை இப்போது அகற்ற வேண்டாம். இரண்டு நாளுக்கொருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை, ஒரு டிகிரி கூட வேறுபடாத நீரால், மெல்லிய குழாய் வழியாகச் சொட்டவிட்டு மாற்றுங்கள். ஐந்தாம் வாரத்தில் தாய் அடுத்த ஈற்றுக்குத் தயாராகும்; அதற்கு முன் குஞ்சுகளைத் தனித் தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.

ஆணா பெண்ணா: வெப்பத்தின் கணக்கு

ரோமர், பைசன்ஹெர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1996-இல் வெளியிட்ட ஆய்வில் பல அபிஸ்டோகிரம்மா இனங்களை 23, 26, 29 டிகிரிகளில் வளர்த்து ஒப்பிட்டுப் பார்த்தனர். பெரும்பாலான இனங்களில் குளிர்ந்த நீரில் பெண்களும் சூடான நீரில் ஆண்களும் மிகுந்தன. சமவெளியில் கோடை ஈற்றில் கிடைக்கும் குஞ்சுகள் பெரும்பாலும் ஆணாகவே அமைந்துவிடுவதற்கும், கடைகளில் பெண் மீன் அரிதாக இருப்பதற்கும் இது ஒரு காரணமாகலாம்.

முட்டை முதல் ஆறாம் வாரம் வரை 25.5 முதல் 26 டிகிரியில் நிலையாக வைத்தால் பெரும்பாலும் இரு பாலும் கலந்த ஈற்று கிடைக்கும். பெண் அதிகம் வேண்டுமானால் அக்காலம் முழுவதும் 24-இல் வையுங்கள். வளர்ச்சி தாமதமாகும், ஆர்ட்டீமியாவைக் கூடுதல் நாள்கள் தர நேரும், அவ்வளவே. பகலில் 27, இரவில் 22 என ஏறியிறங்கும் தொட்டியில் எந்தக் கணக்கும் செல்லாது; தெர்மாகோலுக்கும் இரட்டை ஹீட்டருக்கும் செய்த செலவு இங்கேதான் பலன் தரும். கிரிபென்சிஸில் பி.எச்சும் சேர்ந்து பேசும். மிகுந்த அமில நீரில் ஆண்கள் கூடுவதால் அதன் ஈற்றை ஏழை ஒட்டிய பி.எச்சில் வளர்ப்பது நல்லது. ஒவ்வோர் ஈற்றுக்கும் தேதி, வெப்பநிலை, பி.எச், பின்னர் தெரியவரும் ஆண் பெண் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்தால், இரண்டாவது ஆண்டில் உங்கள் வீட்டு நீருக்குரிய சரியான டிகிரி உங்களுக்கே தெரிந்துவிடும்.

மின்தடையும் நோயும்

தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் மின்சாரம் வர ஒரு நாளும் ஆகலாம். தெர்மாகோல் இல்லாத இரண்டடித் தொட்டி மணிக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்கும். முதலில் ஆக்சிஜனைப் பாருங்கள், பிறகு வெப்பத்தை. பேட்டரி ஏர் பம்பை ஓடவிட்டு, தொட்டியைக் கம்பளியால் முழுவதும் போர்த்தி, சுடுநீர் நிரப்பி இறுக மூடிய எவர்சில்வர் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் இறக்குங்கள். தீனி போட வேண்டாம். மின்சாரம் வந்தபின் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்ற அளவில் ஏற்றுங்கள்.

இப்படிக் குளிர்ந்த மீனுக்கு அடுத்த வாரம் வெண்புள்ளி நோய் வருவது வழக்கம். பத்து நாள் 30 டிகிரியில் வைத்துக் காற்றோட்டத்தை இரட்டிப்பாக்கினால் பெரும்பாலும் நீங்கிவிடும். செம்பு கலந்த மருந்தை நம் மென்னீரில் ஊற்ற வேண்டாம். வெள்ளை நூலாக மலம் கழித்து உண்ண மறுத்தால் குடல் ஒட்டுண்ணி என்று ஐயுறலாம். மெட்ரோனிடசோல் இதற்குப் பயன்படுகிறது. மலவாயில் சிவப்பு நூல் போலத் தொங்குவது காமலானஸ் புழு. ஆடு மாடுகளுக்குத் தரும் லெவாமிசோல் மருந்தே இதற்கும் வேலை செய்யும், அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வளர்ந்த குஞ்சுகள்

மூன்றாம் மாதத்தில் ஆண் பெண் வேறுபாடு தெரியத் தொடங்கும். ஐந்தாறு மாதத்தில் அவையே இணை சேரும். அடுத்த தலைமுறைக்கு மீன் தேரும்போது நிறத்தை மட்டும் பார்க்காமல், முட்டையைத் தின்னாமல் காத்த தாயின் குஞ்சுகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை வேறொரு வளர்ப்பாளரின் ஆணைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மிஞ்சும் மீன்களைக் கோயம்புத்தூர்க் கடைகள் வாங்கிக்கொள்ளக்கூடும். பெண் மீன்களுக்கு அங்கே நல்ல கேட்பு உண்டு. விற்காதவற்றை ஓடையிலோ ஏரியிலோ ஒருபோதும் விடக் கூடாது, தொட்டிச் செடிகளையும் அப்படியே. இடம் போதவில்லையென்றால் முட்டையிட்ட மறுநாளே குகையை எடுத்துவிட்டு ஈற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் தொட்டியை 23 டிகிரியில் வைத்தால் பெண்கள் முட்டையிடுவது குறைந்து அவற்றுக்கும் ஓய்வு கிடைக்கும்.